கடை நம்முடையது, கையெழுத்து யாருடையது?



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவருகிற ஒவ்வோர் ஆண்டும் நமது அலுவலகப் படியேறி வருகிற பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பையனுக்கு டாக்டர் சீட்டுக் கிடைக்குமா? இல்லாவிட்டால் எந்த எஞ்சினியரிங் கல்லூரியில் சேர்க்கலாம்?" இந்த இரண்டு வாசல்களைத் தவிர மூன்றாவது வாசல் ஒன்று இருப்பதாகவே நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

மயிலாப்பூர்ப் பக்கம் கறிக்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் தம் மகனோடு வந்திருந்தார். பையன் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். "கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டீர்களா?" என்று கேட்டோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன பாய் இது? மூணு தலைமுறையா ஆட்டோடதான் கிடக்கிறோம். படிச்சும் ஆட்டோடதான் கிடக்கணுமா?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அத்தா படியிறங்கிய பிறகு திரும்பி வந்து, "அந்தப் படிப்புக்கு எப்ப விண்ணப்பம் போடணும்ங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனான்.

அந்தத் தந்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலும், அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும்தான் இந்தத் தலையங்கம்.

நம் கையில் இருப்பது என்ன?

சென்னையில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழி, தோல் ஆகிய வாணிபங்களில் நம் சமுதாயத்தின் பங்கு எத்தகையது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மயிலாப்பூரானாலும் தியாகராய நகரானாலும் அடையாறானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் "பாய் கடை" என்றால் எந்தக் கடை என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியமேட்டின் தோல் மண்டிகளும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் நம் முன்னோர் வியர்வை சிந்தி வளர்த்தவை.

இந்தத் தொழில்களுக்கெல்லாம் மூலம் கால்நடை. 2019 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம். செம்மறிகள் 45 இலட்சம். கோழியினங்கள் 12 கோடி. கோழி எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளின் சந்தை வரை போகிறது.

ஆட்டின் முதுகில் கைவைத்தே எடை சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்து, வெளிறிப் போயிருந்தால் "இது வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுகிற கைத்தேர்ச்சி அவர்களுடையது. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் சகோதரர்களே, அந்த அனுபவத்தின் மீது எந்த அலுவலகமும் முத்திரை குத்துவதில்லை!

கையெழுத்து எங்கெல்லாம் வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டையோ மாட்டையோ லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டுமா? 1978 ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, அவை பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் இருக்கின்றன என்று தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

ஆட்டுத்தொட்டியில் அறுக்க வேண்டுமா? 2001 ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி, ஒவ்வொரு பிராணியையும் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே பரிசோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 பிராணிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. ஒரு நாளில் 96க்கு மேல் கூடாது. சினையாக இருப்பதையும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி உள்ள தாயையும் அறுக்க அனுமதியில்லை.

அறுத்த பிறகும் வேலை முடிவதில்லை. ஈரலையும் நுரையீரலையும் பார்த்து, நீர்க்கட்டி இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று ஆராய்ந்து, மனிதர் உண்ணத் தக்கது என்று சொல்ல வேண்டியவரும் அதே மருத்துவர்தான். இறைச்சியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதென்றால் கேட்கவே வேண்டாம். வாங்குகிற நாடு முதலில் பார்ப்பது சுகாதாரச் சான்றிதழைத்தான்.

ஒரு கிடா சந்தையிலிருந்து கடைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து! மூலதனம் நம்முடையது. உழைப்பு நம்முடையது. நட்டம் வந்தால் அதுவும் நம்முடையது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடத் தகுதி பெற்றவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்? உங்கள் தெருவில் எத்தனை பேர்? உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும் என்றால் யோசிக்க வேண்டாமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளை மருத்துவரானால் நம் சரக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவான் என்பதற்காக இதை நாம் கேட்கவில்லை. அப்படி ஒருவன் கையெழுத்துப் போட்டால் அவன் இந்தச் சமுதாயத்துக்கே பகைவன்! நோயுற்ற ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால், "மாமா, இதை அறுக்க முடியாது" என்று சொந்த மாமனிடமே சொல்லக்கூடிய மருத்துவர்தான் நமக்கு வேண்டும். நம் கடையில் வாங்குகிறவர் எல்லா மதத்தவரும்தான். அவர்கள் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிற பொருள் அது. ஹலால் என்று சொன்னால் போதாது. அது தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பதல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டிருப்பது?

அந்தப் படிப்பு என்ன?

பி.வி.எஸ்சி. மற்றும் ஏ.எச். என்பது அந்தப் பட்டத்தின் பெயர். கால்நடை மருத்துவமும் கால்நடைப் பராமரிப்பும் சேர்ந்த படிப்பு. நான்கரை ஆண்டுப் பாடம், அதன் பிறகு ஓராண்டுப் பயிற்சி, ஆக மொத்தம் ஐந்தரை ஆண்டுகள். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல், மருந்தியல், அறுவை சிகிச்சை, பேறுகால மருத்துவம் என்று மனித மருத்துவர் படிப்பது அத்தனையும் உண்டு. அத்துடன் தீவனம், இனவிருத்தி, பண்ணை மேலாண்மை, பால், இறைச்சி, முட்டைத் தொழில்நுட்பம், பொதுச் சுகாதாரம் ஆகியவையும் உண்டு. மனித மருத்துவர் படிப்பது ஓர் உடலை. இவர் படிப்பது மாடு, ஆடு, குதிரை, நாய், கோழி என்று பல உடல்களை. அதுவும், எங்கே வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத உடல்களை!

இந்தப் படிப்பின் தாய்வீடு எங்கோ தொலைவில் இல்லை. பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வேப்பேரியில் இருக்கிறது. 1903 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அது. 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலில் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கிய கல்லூரி. 1989 இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் மூத்த கல்லூரியாயிற்று. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்துவிடலாம். பக்கத்துத் தெருவில் நூறாண்டுக்கு மேலாகக் கதவு திறந்திருக்கிறது. நாம்தான் தோலை எண்ணிக்கொண்டே அந்த வாசலைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

இன்று சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய 7 இடங்களில் அப்பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அது தவிர நான்காண்டு பி.டெக். படிப்புகளும் உண்டு. ஓசூர் மத்திகிரியில் கோழியினத் தொழில்நுட்பம். சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உணவுத் தொழில்நுட்பமும் பால்வளத் தொழில்நுட்பமும். கோழிப் பண்ணையும் தீவன வாணிபமும் செய்கிற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டாமா?

நோயை அறிந்தவன் தொழிலைக் காப்பான்

ஆட்டுக்கொல்லி நோயின் பெயரைக் கேட்டாலே ஆட்டு வாணிபம் செய்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மந்தைக்குள் நுழைந்தால் ஒரு வாரத்தில் குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிடும். அந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான், 1987 இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2030க்குள் உலகிலிருந்தே அதை ஒழித்துவிட வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. அதன் அண்ணனான மாட்டு வெக்கை நோய், பல நூற்றாண்டுகள் கோடிக்கணக்கான மாடுகளைக் கொன்ற நோய், 2011 இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. மனித குலம் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. மற்றது இது. இரண்டாவதை ஒழித்தவர்கள் யார்? நாம் "மாட்டு டாக்டர்" என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அவர்கள்தான்!

நம் இராணிப்பேட்டையிலேயே 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்கி வருகிறது. தோல் வாணிபத்துக்காக இராணிப்பேட்டைக்குப் போகாத ஆள் நம்மில் யார்? அந்த நிலையத்தின் வாசலில் ஒரு முறையாவது நின்று பார்த்தவர் யார்?

அடையாறிலும் சாந்தோமிலும்

தென் சென்னை இளைஞர்களுக்கு இன்னும் இரண்டு முகவரிகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, அடையாறு சர்தார் படேல் சாலையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948 இல் தொடங்கப்பட்டது. எதிரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். தோல் தொழில்நுட்பப் படிப்பு இந்த நிலையத்தின் துணையோடு நடைபெறுகிறது. தோலின் தரம் தொட்டியில் ஊறப்போடும்போது மட்டும் தீர்மானமாவதில்லை. அம்மை வடு, உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு, உரிக்கும்போது விழுகிற கத்திக்கீறல் இவையெல்லாம் விலையைக் குறைக்கின்றன. ஆடு உயிரோடிருக்கும்போதே தோலின் விலை எழுதப்பட்டுவிடுகிறது. இதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். அறிவியலாக அறிய வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

மற்றொன்று, மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். 1987 இல் தொடங்கப்பட்டது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளை அழித்தபோது, பணம் போட்டவர்களுக்கு விளங்கியது ஒன்று: குட்டையும் மின்மோட்டாரும் மட்டும் போதாது, நீரையும் நோயையும் படித்த ஆள் வேண்டும். மீன்வள அறிவியலுக்கென்று நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

கால்நடை மருத்துவ இடம் கிட்டாதவர்களுக்குப் பி.எஸ்சி. விலங்கியல் இருக்கிறது. 1951 இல் நம் சமுதாயப் பெரியோர் இராயப்பேட்டையில் தொடங்கிய புதுக் கல்லூரியில் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விலங்கியல் படித்தவர் கால்நடை மருத்துவம் பார்க்க முடியாது. அது சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியது. விலங்கியல் வேறு பாதை. ஆராய்ச்சி, ஆசிரியப் பணி, ஆய்வகம் என்று போகலாம். இந்திய வனப் பணித் தேர்வு எழுத விலங்கியல் பட்டமும் தகுதி, கால்நடை மருத்துவப் பட்டமும் தகுதி என்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கறிக்கடைச் சகோதரர் கேட்டாரே, படித்தும் ஆட்டோடுதான் கிடக்க வேண்டுமா என்று! அவருக்கு வரலாற்றிலிருந்து சில பெயர்கள்.

திருக்குர்ஆனின் அத்தியாயப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். பசுமாடு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை! தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவள் தண்டனைக்கு ஆளானதையும் ஜும்ஆ மேடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

9 ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிப் பெரிய நூலை எழுதினார். 14 ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தமீரி விலங்குகளை அகர வரிசையில் தொகுத்தார். கால்நடை மருத்துவருக்கு அரபியில் பைத்தார் என்று பெயர். மூலிகை அறிவில் உலகப் புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? கால்நடை மருத்துவரின் மகன்! தகப்பன் தொழிலைப் பெயரிலேயே சுமந்தார் அவர். அதனால் அவர் புகழ் குறைந்துவிட்டதா?

நம் நாட்டுக்கு வாருங்கள். 1896 இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, பர்மாவில் குடும்ப வாணிபத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். மனமோ பறவைகளிடம். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் வேலை அவருக்குக் கிட்டவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. ஜெர்மனி சென்று பயின்றார். நாடெங்கும் நடந்து பறவைகளை ஆராய்ந்தார். 1976 இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது. இன்று கோவை ஆனைகட்டியில் பறவையியல் ஆராய்ச்சி மையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் போல மேதையாக எல்லோராலும் முடியாது. பட்டமில்லாமல் அவர் பட்ட பாட்டை நம் பிள்ளைகள் படாமலிருக்க முடியும் அல்லவா?

இரண்டு தயக்கங்கள்

இளைஞர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நாயைத் தொட வேண்டியிருக்குமே, பன்றியையும் பார்க்க வேண்டியிருக்குமே, தொழுகைக்குத் தூய்மை என்ன ஆவது?" நியாயமான கேள்விதான். நாயின் உடல் முழுவதும் அசுத்தம் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. எச்சிலில்தான் அசுத்தம் என்பது ஹனஃபி மத்ஹபில் கொள்ளப்படும் நிலை. இரண்டிலும், பட்டால் கழுவித் தூய்மையாகும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. கையுறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மாற்றுடை இருக்கிறது. விவரத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்காமலேயே "நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெற்றோர் கேட்கிற கேள்வி மற்றொன்று. "பெண் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு?" நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955 இல் தேனாம்பேட்டையில் பெண்களுக்கென்று கல்லூரி திறந்த காலத்திலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. இன்று அக்கல்லூரியில் படித்த பாட்டிமார் பேத்திகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தி.நகரிலும் அடையாறிலும் நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு மக்கள் காத்திருக்கும் சிகிச்சை நிலையங்களுக்குள் எட்டிப் பாருங்கள். மேசைக்குப் பின்னால் பெண் மருத்துவர்கள் அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். ஆய்வகமும் தடுப்பூசி ஆராய்ச்சியும் பெண்களுக்கு மூடிய கதவுகளல்ல.

கஷ்டங்களையும் மறைக்க வேண்டாம். ஐந்தரை ஆண்டுகள் பொறுமை வேண்டும். மாடு உதைக்கும். நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்காக எழுந்து ஓட வேண்டும். பட்டம் வாங்கிய மறுநாளே அரசு வேலை காத்திருக்காது. ஆனால் அரசுக் கால்நடை உதவி மருத்துவர் பணி, வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, இராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு, பால் நிறுவனங்கள், கோழிப் பண்ணைகள், இறைச்சி ஏற்றுமதி நிலையங்கள், சொந்தச் சிகிச்சை நிலையம் என்று வழிகள் பல. எஞ்சினியரிங் முடித்துவிட்டு விசாவுக்காக ஏஜெண்ட் வாசலில் நிற்பதைவிட இது எவ்விதத்தில் தாழ்ந்தது?

வாசல் எப்படித் திறக்கும்?

பிளஸ் ஒன்னில் உயிரியல், இயற்பியல், வேதியியல் எடுத்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்த அன்றே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் தேவை. நீட்டில் தவறிவிட்டதே என்று மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இதை யாராவது சொன்னீர்களா?

2007 இல் நாம் போராடிப் பெற்ற 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. 200 இடம் இருந்தால் 7 இடம் நமக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை இதற்கும் பொருந்தும். ஒதுக்கீட்டுக்காகப் பேரணியில் நடந்த கால்கள், விண்ணப்பம் போட நடக்காவிட்டால் அந்தப் பேரணிக்கு என்ன பொருள்?

ஜமாஅத் நிர்வாகிகளே! பிளஸ் டூ முடிவு வருகிற வாரம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இந்தப் படிப்புகளின் பெயரையும் விண்ணப்பத்தின் கடைசி நாளையும் எழுதிப் போடுங்கள். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

கறிக்கடை, தோல், கோழி வாணிபச் சகோதரர்களே! பகுதிக்கு ஒரு மாணவரைத் தத்தெடுங்கள். நாளொன்றுக்கு ஒரு கிலோ கறியின் விலையைப் பத்துக் கடைக்காரர்கள் முறைவைத்து ஒதுக்கினால் ஒரு பிள்ளையின் விடுதிச் செலவுக்குக் கைகொடுக்கும்.

இளைஞர்களே! சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிக்கு அத்தாவோடு விடிகாலையில் போயிருப்பீர்கள். அங்கே வெள்ளைக் கோட்டுடன் நின்று பரிசோதிக்கும் மருத்துவரைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டு உங்களுக்கும் பொருந்தும்.

படி திரும்பி ஏறி வந்து கேட்ட அந்தத் தம்பிக்கு விண்ணப்ப விவரத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவன் அத்தாவிடம் நாமும் மீண்டும் பேசுவோம். மூன்று தலைமுறை ஆட்டோடு கிடந்த குடும்பத்துக்குத்தான் ஆட்டைப் பற்றிப் படிக்க முதல் உரிமை இருக்கிறது என்று அவருக்குச் சொல்வோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கூப்பிட்டுக் கேளுங்கள்!